ஆறாவது வரி

கண்ணாடி உடைந்தால் 'சிலீர்' என்று ஒரு சத்தம் வரும் என்றுதான் நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அன்று காலை ஒன்பதரை மணிக்கு வாசனைக்காரியின் அடுப்படி மேடையில் வந்த சத்தம் அப்படி இல்லை. 'டிக்' என்றது, அவ்வளவுதான். சுவரில் பல்லி ஒரே ஒருதரம் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்ட மாதிரி.

வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவள் திரும்பிப் பார்த்தாள். எரிந்துகொண்டிருந்த மெழுகுவர்த்தியின் டம்ளர் அடியோடு பிளந்திருந்தது. உருகிய மெழுகு மேடையில் ஓடியது. அதன் மேல் திரி மிதந்தபடி, எரிந்தபடி, கூடவே போனது. மேடை ஓரத்தில் பாத்திரம் இறக்கும் சூட்டுத்துணி கிடந்தது. துணியின் ஒரு முனை மெழுகைக் குடித்தது, குடித்த கையோடு பற்றிக்கொண்டது.

தண்ணீர்க் குடம் கை எட்டும் தூரத்தில்தான் இருந்தது. ஆனாலும் அவள் அதைத் தொடவில்லை. மூன்று வருஷமாக மெழுகோடு குடித்தனம் நடத்துகிறவளுக்கு அந்த அளவு புத்தி உண்டு. எரிகிற மெழுகில் தண்ணீர் விழுந்தால் தீ கூரைக்குத் தாவும். பெரிய பாத்திரத்தின் மூடியை எடுத்துத் துணியையும் திரியையும் சேர்த்துக் கவிழ்த்தாள். மூடிக்குள் ஏதோ சுர் என்றது. பிறகு அடங்கியது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அவளுக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று உண்டுதான். ஆனால் அவள் வீட்டு ஜன்னல் வழியாகத் தெருவுக்கு வரும் மணத்தைப் பார்த்து எல்லோரும் வாசனைக்காரி, வாசனைக்காரி என்றே கூப்பிட, அந்தப் பெயர் இப்போது ரேஷன் அட்டையில் மட்டும்தான் இருக்கிறது. அவள் புருஷன் மின்சார மீட்டருக்கு ரீடிங் எடுக்கிறவர். அவருக்கு ரீடிங் என்றே பெயர். பாதி முகத்தில் சோப்பு நுரையோடு குளியலறையிலிருந்து ஓடி வந்தார்.

"என்ன கருகற வாசன? புது சரக்கா?"

"சாட்சி வெடிச்சிடுச்சுங்க."

அவர் முகத்தில் நுரை இல்லாத பாதி வெளுத்தது.

சாட்சி என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். மெழுகை நேரடியாக அடுப்பில் வைக்காமல், கொதிக்கும் தண்ணீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து உருக்குவாள். தெர்மாமீட்டர் போட்டுப் பார்த்து, சூடு சற்று இறங்கியதும் வாசனை எண்ணெயை ஊற்றி, இரண்டு நிமிஷம் கிளறுவாள். வேகமாகக் கிளறினால் நுரை கட்டும், சும்மா விட்டால் எண்ணெய் அடியில் தங்கும். டம்ளரின் நடுவில் திரியை ஒட்டி, இரண்டு குச்சிகளுக்கு நடுவே அதை நிறுத்தி, மெழுகை ஊற்றுவாள். ஊற்றியது பதினைந்து நாள் இருட்டு அலமாரியில் கிடக்க வேண்டும். அப்போதுதான் மணம் மெழுகோடு ஊறும். ஒரு தடவைக்கு இருபத்தைந்து. அதில் ஒன்றை விற்கக்கூடாது. அந்தப் பதினைந்து நாளுக்குள் அதைத் தினம் நாலு மணி நேரம் ஏற்றி, அடி தெரியும்வரை எரித்துப் பார்க்க வேண்டும். திரி கரி கக்குகிறதா, சுடர் குதிக்கிறதா, கண்ணாடி தாங்குகிறதா என்று அதுதான் சொல்லும். அது ஒழுங்காகச் செத்தால்தான் மற்ற இருபத்துநாலும் வாசல்படி தாண்டும். அதுதான் சாட்சி. அவளே போட்டுக்கொண்ட சட்டம்.

இந்தத் தடவை அந்தச் சட்டத்தை அவளே மீறியிருந்தாள். மூன்றாம் வகுப்புப் படிக்கும் மகளுக்கு இரண்டு வாரமாக இளைப்பு. வீட்டில் எந்த வாசனையும் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். சாட்சியை ஏற்ற முடியவில்லை. மகளுக்குச் சரியாவதற்கும், பாதிச் சரக்கை எடுக்கும் பியூட்டி பார்லர்காரி "நாளைக்கே வேணும்" என்று போன் போடுவதற்கும் சரியாக இருந்தது. இத்தனை வருஷத்தில் ஒன்றாவது கெட்டிருக்கிறதா என்ற தெம்பில் இருபத்துநாலையும் ஒரே சாயங்காலத்தில் அனுப்பிவிட்டாள். சாட்சியை மறுநாள் காலைதான் ஏற்றினாள். மணமக்கள் ஊர் போய்ச் சேர்ந்தபிறகு பொருத்தம் பார்த்த கதை.

"டம்ளர் எங்க வாங்குனீங்க?" என்று கேட்டாள், தரையில் உட்கார்ந்தபடியே.

"அதே கடைதான்."

"அதே டம்ளரா?"

ரீடிங் தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்தார். சிரைக்காத பாதி அப்படியே இருந்தது. "அது தீந்துபோச்சுன்னான். இதுவும் அதேதான்னு சொன்னான். கையில வச்சுப் பாத்தேன், அதே உயரம், அதே வாய். எனக்கென்ன தெரியும், நான் மீட்டர்தான பாக்கறவன்."

அவள் அவரைத் திட்டவில்லை. திட்ட வாய் வரவில்லை. ஏனென்றால் அவளுக்குத் தெரியும். எப்போதும் ஒவ்வொரு டம்ளரையும் நகத்தால் தட்டிப் பார்த்துத்தான் கழுவுவாள். சூடு தாங்கும் தடித்த கண்ணாடி 'டொக்' என்னும். இந்தத் தடவை தட்டியபோது 'கிண்' என்று வந்தது. தண்ணீர் குடிக்கிற டம்ளரின் சத்தம். காதில் விழுந்தது. அன்றைக்கு மகள் மூச்சு வாங்கிக்கொண்டு பக்கத்து அறையில் கிடந்தாள். கேட்ட சத்தத்தைக் கேட்காத மாதிரி வைத்துக்கொண்டாள்.

"சரி விடு, யாருக்கும் ஒண்ணும் ஆகல" என்றார் ரீடிங்.

"இன்னும் ஆகல."

"என்ன சொல்ற?"

அவள் விரலை மடக்கி எண்ணினாள். "தினம் நாலு மணி நேரம். இன்னிக்கு எட்டாவது நாள். முப்பத்தொண்ணரை மணி நேரம் எரிஞ்சு, சுடர் அடியத் தொட்டப்பதான் வெடிச்சுது. அது வரைக்கும் ஒண்ணும் ஆகாது. மெழுகு இருக்கற வரைக்கும் அது கண்ணாடியக் காப்பாத்தும். அட்டையில நாமதான் எழுதியிருக்கோம், தினம் நாலு மணி நேரம்னு. நாம சொன்னத அப்படியே கேட்டவங்க யாரா இருந்தாலும், அவங்களுக்கும் இன்னிக்குத்தான் எட்டாவது நாள்."

ரீடிங் கவிழ்ந்து கிடந்த மூடியைப் பார்த்தார்.

"அதான் ஆறாவது வரி இருக்கே" என்றார் அவர். சொன்ன பிறகுதான் அவருக்கே ஞாபகம் வந்தது. அவள் அழ ஆரம்பித்தாள்.

ஒவ்வொரு பெட்டியிலும் கையகல அட்டை ஒன்று வைப்பார்கள். அதில் ஆறு வரி. ஆறாவது வரி: 'அடியில் அரை அங்குலம் மெழுகு மிஞ்சும்போது நிறுத்திவிடவும்.' போன மாதம் பார்லர்காரி அட்டையை ஆட்டிக்காட்டிச் சிரித்தாள். "இது என்ன ஞாயம்? காசு குடுத்து வாங்கின மெழுக ஏன் மிச்சம் வைக்கணும்? ஓட்டல்ல கடைசி வாய் சாப்பிடாதன்னு போர்டு வைப்பாங்களா?" பார்லரில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். அவளுக்கு அவமானமாக இருந்தது. நம் கண்ணாடிதான் கல்லு மாதிரி இருக்கிறதே, எதற்கு அந்த வரி என்று அட்டை அச்சடிக்கும் பிரஸ்காரரிடம் சொல்லி எடுத்துவிட்டாள். அவள் வாயால் சொல்லி, அவள் எடுத்தது.

"அழறதுக்கு அப்பறம் நேரம் இருக்கு. போனை எடு" என்றார் ரீடிங்.

முதலில் மாடி வீட்டு அம்மா. அவளிடம் இரண்டு. போனில்கூட இல்லை, ஜன்னல் வழியாகவே கேட்டார்கள். அந்த அம்மா சிக்கனத்தில் பேர் போனவள். தினம் பத்து நிமிஷம் ஏற்றி, மணம் வந்ததும் அணைத்துவிடுவாளாம். ஓரம்வரை உருகவிடாமல் அணைத்தால் நடுவில் கிணறு மாதிரிக் குழி விழும், பிறகு அந்த மெழுகுவர்த்தி உருப்படாது என்று அட்டையில் முதல் வரியே அதுதான். குழி விழுந்து திரி மூழ்கி, இரண்டும் நாலாம் நாளே செத்துவிட்டன. "உன் சரக்கு இப்பல்லாம் சரியில்லம்மா" என்றாள். வேறு நாளாக இருந்தால் வாசனைக்காரி அரை மணி நேரம் சண்டை போட்டிருப்பாள். இன்றைக்கு "ரொம்ப நல்லதும்மா" என்று கும்பிட்டாள்.

பல் டாக்டரிடம் நாலு. நோயாளிகள் காத்திருக்கும் அறையில் ஒன்று எரிகிறது என்றாள் அங்கே இருக்கும் நர்ஸ். "சுடர் பெருசா எரியுதா?" "ஒரு சாண் இருக்கும். சுவரெல்லாம் கரி." திரியை ஒருநாளும் வெட்டவில்லை போலிருக்கிறது. ஒவ்வொரு தடவையும் ஏற்றுமுன் கால் அங்குலத்துக்கு வெட்டச் சொல்வது இரண்டாவது வரி. "அதைத் தூக்காத, ஊதாத. மேல ஒரு தட்டக் கவுத்து வை. இப்பவே. நான் போன்லயே இருக்கேன்." தட்டு வைக்கும் சத்தம் கேட்டது. "அணைஞ்சிடுச்சுக்கா. ஏன்க்கா?" "அப்பறம் சொல்றேன். மத்த மூணையும் குப்பையில போட்டுடு."

யோகா டீச்சரிடம் ஆறு. அவள் பாதியைத் திறக்கவே இல்லை. திறந்தவை ஒன்றுவிட்டு ஒருநாள்தான் எரிந்தன. ஒவ்வொருத்தராகத் தப்பிக்கத் தப்பிக்க வாசனைக்காரிக்குப் பயம் குறைய வேண்டும்தானே? கூடிக்கொண்டே போனது. சொன்னதைக் கேட்காதவர்கள் எல்லாம் பிழைத்துக்கொண்டார்கள். அப்படியானால் கேட்டவர் என்று ஒருத்தர் எங்கேயோ இருக்கிறார். நான் எழுதியதை நம்பி, வரிக்கு வரி செய்துகொண்டு, கடைசியில் நானே வைத்த இடத்தில் வந்து நிற்கிறார். இந்த நினைப்போடு அடுத்த எண்ணை அழுத்தினாள்.

மீதி பன்னிரண்டும் பார்லரில். பார்லர்காரி போனை எடுக்கவில்லை. பதினொரு மணிக்குத்தான் கடை திறப்பாள். பத்தரைக்கே போய்ப் பூட்டிய கதவின் முன்னால் இரண்டு பேரும் நின்றார்கள். பாதி சிரைத்த முகத்தோடு நின்ற ரீடிங்கைப் போகிறவர் வருகிறவர் எல்லாம் பார்த்தார்கள். பார்லர் வாசலில் ஓர் ஆம்பிளை, அதுவும் அப்படிப்பட்ட முகத்தோடு. வேறு நாளாக இருந்தால் அவரே நாலு ஜோக் அடித்திருப்பார்.

பார்லர்காரி பதினொன்றே முக்காலுக்கு வந்தாள். விஷயத்தைக் கேட்டதும் பதறிப்போய் உள்ளே ஓடி, ஒவ்வொன்றாக எடுத்து வந்து மேசையில் வைத்தாள். எரிந்தது மூன்று, அடியில் இன்னும் இரண்டு விரல் மெழுகு இருந்தது. பெட்டி பிரிக்காதவை எட்டு.

"பதினொண்ணு" என்றாள் வாசனைக்காரி. "பன்னெண்டாவது எங்க?"

பார்லர்காரி முந்தானையைத் திருகினாள். "அது ஒருத்தங்களுக்குக் குடுத்தேன்."

"யாருக்கு?"

"உன்கிட்டச் சொல்லக்கூடாதுன்னு சொல்லியிருக்காங்க."

"அக்கா, ஒரு உசுரு விஷயம்."

"எனக்குத் தெரியும்டி. அதான் சொல்லிடறேன். மருந்துக்கடையில ராத்திரி டூட்டி பாக்கறாங்களே, உன் நாத்தனார். ஒவ்வொரு தடவ சரக்கு வரும்போதும் ஒண்ணு எடுத்து வைக்கச் சொல்லி வாங்கிட்டுப் போவாங்க. ஒரு வருஷமா. உன் பேரு காதுல விழுந்தா மூஞ்சி மாறும், ஆனா மெழுகுவர்த்தி மட்டும் வேற யார்கிட்டயும் வாங்க மாட்டாங்க."

ரீடிங் பக்கத்தில் இருந்த நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். அவருடைய ஒரே அக்கா அவள்.

"எப்ப ஏத்துவாங்கன்னு சொல்லியிருக்காங்களா?" என்று கேட்ட வாசனைக்காரியின் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

"அவங்கதான் கடிகாரமாச்சே. டூட்டி முடிஞ்சு வந்து ஒம்போது மணிக்கு ஏத்துவேன், வேலையெல்லாம் முடிச்சு ஒரு மணிக்கு அணைச்சிட்டுப் படுப்பேன்னு சொல்வாங்க. ஒருநாள் தப்பாது."

ஒன்பது மணி. எட்டாவது நாள். மூன்றரை மணி நேரம் கூட்டினால் பன்னிரண்டரை. சுவர்க்கடிகாரத்தில் பன்னிரண்டாக ஐந்து நிமிஷம் இருந்தது.

ஸ்கூட்டரில் போகும்போது ரீடிங் அக்காவுக்குப் போன் போடச் சொன்னார். வீட்டுக்கு வந்ததும் போனை அணைத்துவிடுவது அவள் வழக்கம். இருந்தும் வாசனைக்காரி விடாமல் போட்டாள். அணைத்து வைக்கப்பட்டுள்ளது, அணைத்து வைக்கப்பட்டுள்ளது என்று அந்தப் பெண்குரல் காதில் சொல்லிக்கொண்டே வந்தது. குழாய் பதிக்கத் தெருவைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். சுற்றிக்கொண்டு போக வேண்டியதாயிற்று.

அண்ணி என்று கூப்பிடும் அந்த நாத்தனாரிடம் சொல்லிவிட்ட ஒரு வார்த்தை அவள் கூடவே பின்சீட்டில் உட்கார்ந்து வந்தது. ஒரு வருஷத்துக்கு முன்னால் அண்ணி இவர்கள் வீட்டுக்கு வந்தபோது, மகள் உருகும் மெழுகுப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் விளையாடிக்கொண்டிருந்தாள். அண்ணி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கத்தினாள். பிள்ளை இருக்கிற வீட்டில் நெருப்பு வியாபாரமா, ஒருநாள் வீடு பற்றிக்கொள்ளும் பார் என்றாள். வாசனைக்காரிக்குச் சுருக்கென்றது. "எங்க வீட்லயாவது பத்திக்க நாலு சாமான் இருக்கு. உங்க வீட்ல எரியறதுக்கு என்ன இருக்கு அண்ணி?" என்று கேட்டுவிட்டாள். புருஷன் விட்டுப்போன, பிள்ளை குட்டி இல்லாத, ஒற்றை அறையில் இருக்கிற ஒருத்தியைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா அது? அண்ணி பாதி குடித்த டீயை வைத்துவிட்டு எழுந்து போனாள். அதோடு சரி. நெல்லைக் கொட்டினால் அள்ளலாம், சொல்லைக் கொட்டினால் அள்ள முடியுமா? அந்தச் சொல் இப்போது பலிக்கப் போகிறது, என் வாயே பலிக்கப் போகிறது என்று அவள் ரீடிங்கின் சட்டையைப் பின்னாலிருந்து கசக்கிப் பிடித்துக்கொண்டாள்.

மூன்று மாடிக் கட்டடம் அது. கீழே படிக்கட்டுக்கு அடியில் மீட்டர் பெட்டிகள் வரிசையாக இருந்தன. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அந்தப் பெட்டிகளை ரீடிங்தான் திறக்கிறார். அக்காவின் எண்ணை எழுதிக்கொண்டு, மேலே ஒரு தரம் பார்த்துவிட்டு, ஏறாமல் போய்விடுவார். பெண்டாட்டிக்கும் அக்காவுக்கும் நடுவில் அவர் கண்டுபிடித்த சமாதானம் அவ்வளவுதான். இன்றைக்கும் பழக்கத்தில் முதலில் பெட்டியைத்தான் பார்த்தார்.

"ஓடுது. ஃபேன் போட்டிருக்கா. உள்ளதான் இருக்கா."

மூன்றாவது மாடி வராந்தாவில் கால் வைத்ததுமே எலுமிச்சைப்புல் மணம் வந்தது. மூடிய கதவுக்கு வெளியே இத்தனை தூரம் மணந்தால் அது நல்ல சரக்கு என்று அர்த்தம். எந்த நாளும் அவளுக்கு நெஞ்சு நிமிர்கிற வாசனை. இன்றைக்குக் குமட்டியது.

கதவைத் தட்டினாள். உள்ளே செருப்புச் சத்தம் வந்து நின்றது. கதவில் இருந்த சின்னக் கண்ணாடித் துளை இருண்டது. யாரோ பார்க்கிறார்கள். தாழ்ப்பாள் அசையவில்லை.

"அண்ணி, நான்தான். கதவத் தொறங்க."

"தெரியுது." பக்கத்தில், கதவுக்கு அந்தப் பக்கம், அவ்வளவு கிட்டத்தில் குரல் கேட்டது.

"அந்த மெழுகுவர்த்திய அணைச்சிடுங்க அண்ணி."

"எந்த மெழுகுவர்த்தி?"

"வாசன வெளிய வரைக்கும் வருதண்ணி."

"பார்லர்காரிக்கு வாயில பூட்டே கிடையாது. ஆமா, வாங்கினேன். சும்மா வாங்கல. அதுக்கும் சண்டைக்கு வந்திருக்கியா?"

"சண்ட இல்லண்ணி. கண்ணாடி சரியில்ல. எங்க வீட்ல காலைல ஒண்ணு வெடிச்சிடுச்சு."

"எனக்கு ஒரு மணிக்குத்தான் நாலு மணி நேரம் ஆகுது. ஒரு மணிக்கு அணைப்பேன்."

"ஒரு மணி வரைக்கும் தாங்காதண்ணி."

ரீடிங் முன்னால் வந்தார். "அக்கா, கதவத் தொற. வெளையாடற நேரமில்ல."

"உனக்கு மீட்டர் கீழதான இருக்கு. மேல என்ன வேல?"

அவர் சுவரில் சாய்ந்தார். வாசனைக்காரி இரண்டு கையையும் கதவில் வைத்துக்கொண்டாள். மணி பார்க்கப் பயமாக இருந்தது.

"அண்ணி, என்னை என்ன வேணா சொல்லுங்க, அப்பறம் சொல்லுங்க. இப்ப போய் ஒரு பாத்திரத்த எடுத்து அது மேல கவுத்துங்க. ஊதக்கூடாது, தூக்கக்கூடாது, தண்ணி ஊத்தக்கூடாது. பத்திக்கும் அண்ணி."

"பத்தட்டுமே." குரல் இப்போது தாழ்ந்திருந்தது. அதில் கோபம்கூட இல்லை. "என் வீட்ல எரியறதுக்கு என்ன இருக்கு? நீதான கேட்ட."

இந்த ஒரு வருஷத்தில் வாசனைக்காரி எத்தனையோ மன்னிப்புகளைத் தயாரித்து வைத்திருந்தாள். மெழுகைக் கிளறும்போது ஒன்று, துணி துவைக்கும்போது ஒன்று. எல்லாம் வாக்கியம் வாக்கியமாக, அழகாக. அந்தச் சமயத்துக்கு ஒன்றும் வரவில்லை.

"நீங்க இருக்கீங்களே அண்ணி" என்றாள்.

துளையில் இருந்த இருட்டு விலகி, வெளிச்சம் தெரிந்தது. செருப்புச் சத்தம் கதவை விட்டுப் போனது. நாலு அடி, ஐந்து அடி. அப்போது அந்தச் சத்தம் கேட்டது.

டிக்.

"தண்ணி வேணாம்!" என்று வாசனைக்காரி கத்தினாள். "பாத்திரம், பாத்திரத்தக் கவுத்துங்க அண்ணி! துணியெல்லாம் தள்ளுங்க!"

ஏதோ விழுந்தது. இரும்பில் இரும்பு மோதும் சத்தம். பிறகு ஒன்றுமில்லை. கதவிடுக்கில் எலுமிச்சைப்புல் மணம் போய்க் கருகல் வந்தது. அவள் உள்ளங்கையால் கதவை அடித்தாள். அடித்துக்கொண்டே இருந்தாள். ரீடிங் தோளால் மோதினார். கதவு அசையவில்லை. அண்ணி, அண்ணி என்பதைத் தவிர அவளுக்கு வேறு சொல் வாயில் இல்லை. தன் பிள்ளைக்கு மூச்சு வாங்கியபோதுகூட அவள் இப்படிப் பயந்ததில்லை. பிள்ளைக்குத் தீங்கு நினைத்து அவள் ஒருநாளும் வாய் திறந்ததில்லை.

தாழ்ப்பாள் விலகியது.

அண்ணி நின்றுகொண்டிருந்தாள். முழுசாக, தலைமுடி ஒன்றும் பொசுங்காமல். ஆனால் கை இரண்டும் வெடவெடவென்று ஆடின. இருபது வருஷமாக மாத்திரை எண்ணிக் கொடுக்கிற, ஒன்று கூடக்குறைய விழாத கை. அவளுக்குப் பின்னால் மேசையில் ஓர் எவர்சில்வர் தட்டு, தட்டில் கவிழ்ந்த வாணலி, வாணலிக்கு அடியிலிருந்து கசியும் புகை. மெழுகு தட்டோடு நின்றுவிட்டது. ஓர் அங்குலம்கூட மேசைக்கு வரவில்லை. 'எரியாத தட்டின் மேல் வைக்கவும்' என்பது மூன்றாவது வரி. எழுதியவள் வீட்டில் தட்டு இல்லை. படித்தவள் வீட்டில் இருந்தது.

வாசனைக்காரி அண்ணியின் இரண்டு கையையும் பிடித்துப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். சூடு பட்ட இடம் எதுவும் இல்லை என்று தெரிந்ததும் அந்தக் கையிலேயே முகத்தை வைத்து அழுதாள். அண்ணி கையை இழுத்துக்கொள்ளவில்லை.

"உக்காரு. மூச்ச விடு மொதல்ல" என்றாள் அண்ணி. அவளுக்கும் உட்கார வேண்டியிருந்தது. மூன்று பேரும் கட்டிலில் வரிசையாக உட்கார்ந்தார்கள். அந்த அறையில் வேறு நாற்காலி இல்லை.

அப்போதுதான் வாசனைக்காரி எதிர்ச்சுவர் அலமாரியைப் பார்த்தாள். மேல் தட்டில் அவளுடைய டம்ளர்கள். பதினொன்று. துடைத்து, மூடி போட்டு, ஒவ்வொன்றுக்கும் கீழே அதன் அட்டை. போன வருஷத்து ரோஜா, அதற்கடுத்த சந்தனம், மழைக்காலத்தில் ஊற்றிய ஏலக்காய். எல்லாவற்றிலும் அடியில் மெழுகு மிச்சம் இருந்தது. அளவுகோல் வைத்துப் பார்த்த மாதிரி எல்லாவற்றிலும் அரை அங்குலம்.

"எல்லாத்துலயும் நிறுத்தியிருக்கீங்க" என்றாள்.

"அட்டையில போட்டிருந்துச்சே."

"இதுல மட்டும் ஏன் நிறுத்தல?"

அண்ணி எழுந்துபோய்க் கடைசி அட்டையையும் அதற்கு முந்தியதையும் எடுத்து வந்தாள். இரண்டையும் மடியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். "இதுல ஆறு வரி. இதுல அஞ்சு. நாலு நாளா யோசிச்சேன். ஒரு மருந்துல மொதல்ல போட்டிருந்த எச்சரிக்கைய அப்பறம் எடுத்துட்டாங்கன்னா என்ன அர்த்தம்? சோதிச்சுப் பாத்திருக்காங்க, பயமில்லன்னு தெரிஞ்சுபோச்சு, எடுத்துட்டாங்க. நீயும் நல்ல கண்ணாடியா மாத்திட்டு, எரிச்சுப் பாத்துட்டுத்தான் எடுத்திருப்பேன்னு நெனச்சேன். சரி, இந்தத் தடவ கடைசி வரைக்கும் விடலாம்னு விட்டேன்."

கன்னத்தில் அறைந்திருந்தால்கூட வாசனைக்காரி தாங்கியிருப்பாள்.

"எரிச்சுப் பாக்கல அண்ணி" என்றாள். "டம்ளரத் தட்டினப்பவே சத்தம் மாறிக் கேட்டுச்சு. கேட்டும் ஊத்தினேன். அந்த வரிய எடுத்ததும் யாரோ சிரிச்சாங்கன்னுதான்."

அண்ணி அட்டைகள் இரண்டையும் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினாள். ரீடிங் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உன் மேல எனக்குக் கோவம்" என்றாள் அண்ணி. "இன்னும் இருக்கு. அது அவ்வளவு சுலபத்துல போகாது. ஆனா உன் வேல மேல எனக்கு ஒருநாளும் சந்தேகம் வந்ததில்ல. இனிமே வரும். ஒவ்வொரு தடவையும் பயந்து பயந்துதான் ஏத்துவேன்."

"ஏத்துவீங்களா அண்ணி?"

"பின்ன? ராத்திரி பூரா டெட்டால் வாசனையில நிக்கறேன். பகல்லயாவது வேற ஏதாவது வேணாமா?"

ரீடிங்குக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொள்ளப் பார்த்து, முடியாமல், கண்ணைத் துடைத்துக்கொண்டார். அக்கா அப்போதுதான் அவர் முகத்தைச் சரியாகப் பார்த்தாள். "ஏன்டா, பாதி மூஞ்சிய வீட்ல வச்சிட்டு வந்தியா?" என்று கேட்டாள்.

பிறகு ஆறு வரி இருந்த பழைய அட்டையை வாசனைக்காரியின் கையில் வைத்தாள். "பிரஸ்காரன்கிட்ட இதக் குடு. எழுத்து மாறாம இதையே அடிக்கச் சொல்லு. யாரு சிரிச்சாலும் சிரிக்கட்டும்."

"சரி அண்ணி."

"பாப்பாவுக்கு இளைப்பு எப்பிடி இருக்கு?"

யார் சொன்னார்கள் என்று வாசனைக்காரி கேட்கவில்லை. மகளுக்கு மருந்து அந்தக் கடையிலிருந்துதான் வந்தது. "இப்ப பரவால்ல அண்ணி" என்றாள்.

"சரி, கெளம்புங்க. எனக்குத் தூங்கணும், ராத்திரி டூட்டி இருக்கு."

இரண்டு பேரும் எழுந்தார்கள். வெளியே வந்து ரீடிங் பழக்கத்தில் கதவை இழுத்துச் சாத்தப் போனார்.

"சாத்தாத" என்றாள் அண்ணி உள்ளேயிருந்து. "புகை போகட்டும்."